பேய்க்கு என் தங்கையின் முகம்

நான் பேய் வரைந்து பிழைக்கிறவன். வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஓவியர்' என்று கௌரவமாக எழுதுகிறேன். ஆனால் சேலத்தில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தால், 'பேய்ப் படம் போடறவரு வீடா?' என்று கேட்டுத்தான் கைகாட்டுவார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. பதினைந்து வருடங்களாக நான் வேறு எதையும் உருப்படியாக வரையவில்லை.

அந்தக் காலத்துத் திகில் படங்களுக்குப் போஸ்டர்கள் எப்படி இருந்தனவோ, அதே மாதிரி இன்றைக்கு வரைந்து தருவது என் வேலை. பச்சை முகம், ரத்தம் சொட்டும் எழுத்து, பின்னால் ஓடு சரிந்த பங்களா, அதற்கு மேல் தேவைக்கு அதிகமாகப் பெரிய நிலா. சிலர் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வாங்குகிறார்கள். அவர்கள் குழந்தைகள் எப்படித் தூங்குகின்றன என்று நான் கேட்பதில்லை. சிலர் புதிதாக எடுத்த படத்துக்குப் பழைய தோரணையில் போஸ்டர் கேட்கிறார்கள். அட்டையில் போஸ்டர் கலர் வைத்துத்தான் வரைவேன். ஸ்கேன் செய்த பிறகு கம்ப்யூட்டரில் அதற்கு வயதேற்றுவேன். மடித்துப் பிரித்த கோடு, ஓரத்தில் மங்கல் மஞ்சள், அச்சில் சிவப்பு மட்டும் நூலளவு விலகி விழுந்தது போன்ற பிசகு, எல்லாம் பொய். ஒரு புதுக் காகிதத்தைக் கிழவனாக்க எனக்கு அரை நாள் போதும்.

இந்த வேலையில் மற்றதெல்லாம் மனதிலிருந்தே வந்துவிடும், முகம் மட்டும் வராது. அதற்கு ஓர் ஆளை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தாக வேண்டும். சூரியனோ விளக்கோ, நம் முகத்தின் மேல் வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் விழுகிறது. நம் கண்ணும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்தால், நிழல் விழ வேண்டிய இடத்தில் வெளிச்சமும் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் நிழலும் வந்துவிடும். தினமும் பார்க்கிற முகமே யாரோ போல ஆகிவிடும். பழைய போஸ்டர்க்காரர்களின் பெரிய வித்தை இதுதான். என்னுடையதும் இதுதான்.

எனக்கு உட்கார்ந்தவள் என் தங்கை. என்னைவிட ஏழு வயது சின்னவள், ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டு, அம்மா கண்ணயர்ந்த பிறகு, என் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்குவோம். அவள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். நான் தரையில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பேன். எந்தப் பேய், என்ன கதை என்று கேட்டுக்கொள்ளாமல் முகத்தை வைக்க மாட்டாள். கிணற்றில் விழுந்தவளா, தீயில் போனவளா, மாமியார் கொடுமையா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். ஒரு முறை, இந்தப் பேய்க்குச் செத்த அன்றைக்குப் பல்வலியும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்றாள். அப்படியே முகத்தை வைத்தாள். அந்தப் போஸ்டர் எங்கோ வெளிநாட்டில் ஒருவர் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் பல்வலியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த ஞாயிறுகளில் நாங்கள் சிரித்த அளவுக்கு வேறு எப்போதும் சிரித்ததில்லை. டார்ச் ஆடும், படம் கலங்கும், நான் எரிந்து விழுவேன், அவள் இன்னும் சிரிப்பாள்.

அவளுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு வரன் பார்ப்பது என் பொறுப்பு. நான்கு இடம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்கும் தட்டிப்போயின. நான்காவது வீட்டார் நடுவில் இருந்தவரிடம் சொன்ன காரணம் சுற்றிச் சுற்றி எங்கள் காதுக்கும் வந்தது. பெண்ணுக்கு முகத்தில் சதையே இல்லையாம். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதாம். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் யோசித்திருப்பார்களாம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை அந்த வாரமும் வழக்கம்போல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "ஊருக்கு ஆகாத எலும்பு உனக்காச்சும் ஆகுதேண்ணா" என்றாள்.

நான் டார்ச்சைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னேன். அழகான முகத்தில் நிழல் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும், உன் முகத்தில்தான் நிற்கும் என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடும் ஒருவர் பேய்ப் படம் ஒன்றைத் தயாரித்தார். ஊர் ஊராகப் பூமியில் துளை போட்ட மனிதர், ஆசைக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டார். சின்ன வயதில் டெண்ட் கொட்டாயில் பார்த்த போஸ்டர் மாதிரியே தன் படத்துக்கும் வேண்டும் என்று என்னைத் தேடிவந்தார். குழந்தைகள் பார்த்தால் அழ வேண்டும், பெரியவர்கள் பார்த்தால் திரும்பி ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

அந்தப் போஸ்டருக்காக மூன்று ஞாயிறு எடுத்துக்கொண்டோம். அதுவரை நான் அவள் முகத்தைப் போட்டோவில் எடுத்தாலும் வரையும்போது மாற்றிவிடுவேன். மூக்கை நீட்டுவேன், கண்ணைப் பெரிதாக்குவேன், வாயைக் கிழிப்பேன். இந்த முறை எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. நெற்றி, புருவம், அந்தக் கன்ன எலும்பு எல்லாவற்றையும் உள்ளபடியே வைத்தேன். வெளிச்சம் மட்டும் கீழிருந்து, நிறம் மட்டும் பச்சை. நான் இதுவரை வரைந்ததில் நல்ல படம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஒரே படம் அதுதான்.

வரைந்து முடித்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். ஒரு கோடுகூட மாற்றவில்லை என்று நானே பெருமையாகச் சொன்னேன். "நல்லாருக்கேன்" என்றாள். 'நல்லாருக்கு' என்று சொல்லவில்லை. அச்சாகி வந்ததும் தனக்கு ஒன்று கேட்டு வாங்கி, தன் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம், பஸ்ஸில் போகும்போது பாருங்கள், அது நான்தான் என்று சொல்லிவைத்திருந்தாள்.

இதற்கிடையில் ஐந்தாவது வரன் அமைந்துவிட்டது. பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் சபைக் குடும்பம்தான். மாப்பிள்ளை நாமக்கல்லில் லாரிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுநாளே சம்மதம் என்று போன் செய்தபோது அம்மா போனைக் கீழே வைக்க மறந்து நின்றாள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது. முதல் ஓலை இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசித்தாயிற்று. அதே வாரம்தான் ரிக் வண்டிக்காரர் படம் வெளியானது.

சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் ஒரு சுவர் பாக்கியில்லை. ஆண்டகளூர் கேட்டில், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில், பாலத்துத் தூண்களில், மூடிக் கிடந்த ஒரு நூல் மில் காம்பவுண்டு முழுக்க வரிசையாகப் பன்னிரண்டு முறை என் தங்கை பச்சையாக நின்றாள். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள்தான் யாரோ ஒரு உறவுக்காரர் போன் செய்து, "வேலூர்லயும் ஒட்டிருக்காங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க" என்று கேட்டு வைத்தார். அதுவரை அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை பகல், மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார். சொல்லாமல், கூட யாரும் இல்லாமல், பஸ் பிடித்து, கையில் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு. கல்யாணப் பேச்சில் அந்தப் பக்கத்துப் பெண்மணி தனியாக வந்தால் நல்ல செய்தியாக இருக்காது என்பது என் கணக்கு. அம்மா முகமும் வெளுத்துவிட்டது. தங்கை காபி போட உள்ளே போனாள். எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

வந்தவர் தண்ணீர் குடித்தார், வெயிலைப் பற்றிச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "ஏனுங்க தம்பி, பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல ஒரு பேய்ப் படம் ஒட்டிருக்குதுங்களே, அதுல இருக்கற புள்ள…"

அவரை முடிக்க விட்டிருக்கலாம். இன்னும் நாலு வார்த்தை, அவ்வளவுதான் பாக்கி. நான் முந்திரிக்கொட்டை மாதிரி குறுக்கே விழுந்தேன். அது வேறு யாரோ, ஏதோ பழைய வெளிநாட்டுப் போட்டோவைப் பார்த்து வரைந்தது என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லையோ என்று பயந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

"அந்தக் கண்றாவி மூஞ்சிய நீங்க நல்லாப் பாத்தீங்களாம்மா? எலும்பும் தோலுமா. எந்த அண்ணனாவது சொந்தத் தங்கச்சிய அப்படி வரைவானுங்களா?"

அவர் "செரிங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. திரைச்சீலை விலகி, தங்கை காபியோடு வந்தாள். டம்ளர் துளிகூடத் தளும்பவில்லை. சர்க்கரை போதுமா என்று அவரைக் கேட்டாள். போதும் சாமி என்றார். பத்து நிமிடத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது எனக்கு ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டிய நிம்மதி. அம்மா, நல்லவேளை சமயோசிதமாகச் சொன்னாய் என்றாள். எனக்கு அதுவும் போதவில்லை. அடுக்களைக்குப் போய் தங்கையிடம், எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைக் கேலி செய்வாள், கண்றாவி மூஞ்சிக்காரி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு ஆடுவாள் என்று எதிர்பார்த்தேன். "ம், நல்லாச் சமாளிச்ச" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், சீர்ச் சாமான்களோடு அவள் பீரோவையும் வண்டியில் ஏற்றினோம். கதவு ஆடாமல் இருக்கக் கயிறு கட்டலாம் என்று திறந்தேன். உள்பக்கம் போஸ்டர் இல்லை. நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. போகிற வீட்டில் பார்த்துவிடக் கூடாதே என்று எடுத்திருப்பாள், புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். நெருங்கிய மனிதர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு மடையன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஐந்தாறு மாதம் கழித்து அடுத்த போஸ்டருக்கு முகம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போ என்று போன் செய்தேன். இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றாள். புகுந்த வீட்டில் வேலை இருக்குமாக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதே பதில், அதே மரியாதையான குரல். யார் யாரையோ உட்காரவைத்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடி முன் நானே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்ததெல்லாம் பேய் வேஷம் போட்ட ஆட்கள். வாங்குகிறவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அந்தப் படங்களில் உயிர் இல்லை. உயிரில்லாத பேய் என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன், கேட்டுக் கூடச் சிரிக்க ஆள் இல்லை.

சென்ற ஆண்டு அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம். வேலூருக்குப் போயிருந்தோம். கோயிலிலிருந்து வந்து பந்தி முடிந்த பிறகு, நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் வந்து அமர்ந்தார். அந்தப் பேய்ப் படம் நன்றாக ஓடியதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். சுமார்தான் என்றேன். காம்பு கிள்ளிக்கொண்டே அவர் சொல்லத் தொடங்கினார்.

போஸ்டரை முதலில் பார்த்தது அவர் மகன்தானாம். நாமக்கல்லில் வேலை முடிந்து வரும் வழியில் பைக்கை நிறுத்தி அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். நம் வீட்டுக்கு வரப்போகிற பெண் ஊர் முழுக்கச் சுவரில் இருக்கிறாள் என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார்களாம்.

"அதுல ஒண்ணு கெடைச்சா ஊட்டுல மாட்டலாம்னு கேக்கத்தானுங்க அன்னிக்கு வந்தேன்" என்றார். "நீங்க இல்லைன்னுட்டீங்க. அவதான்னு எனக்குத் தெரியாதா சாமி? என்னமோ காரணம் இருக்கும், சபையில வெச்சுக் கேட்டமாதிரி ஆயிரும்னு உட்டுட்டேன். அவகிட்டயும் ஒரு நாள் கேட்டுப் பாத்தேன். அதெல்லாம் பாக்கவேண்டாத மூஞ்சிங்க அத்தைன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

அவர் கொடுத்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் எதற்கும் தடை சொல்ல வரவில்லை. என் வேலையைப் பார்த்து முதன்முதலாக எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டில் மாட்ட ஆசையாகக் கேட்டு வந்தார். என் தங்கையின் முகத்தை விரும்பி ஒரு மனிதர் வண்டியை நிறுத்தி நின்றார். அதை அவள் காதில் விழவைக்க எனக்கு நாலு வார்த்தை நேரம் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பதில் அவள் காதில் நான் என்ன போட்டேன் என்று நினைத்தபோது, அங்கேயே எழுந்து எங்காவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

அவள் மொட்டை மாடியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல உச்சி வெயில். படியேறிப் போய், அவள் மாமியார் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாப்பிள்ளை வண்டியை நிறுத்திப் பார்த்ததைச் சொன்னேன். அன்றைக்குப் பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன், அது அத்தனையும் பொய், மன்னித்துக்கொள் என்றேன். இவ்வளவு வருடத்தில் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எல்லாம் தெரியும்ணா. அவரும் சொன்னாரு" என்றாள். "அது நான் இல்லைன்னு நீ சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லை. கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு சொன்ன. வெளிநாட்டுப் போட்டோன்னு சொன்னியே, அது பொய். அதைச் சொல்லும்போது தடுமாறின, உள்ள எனக்குக் கேட்டுச்சு. மூஞ்சியப் பத்திச் சொன்னப்ப நீ தடுமாறவே இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். மேலிருந்து விழுந்த வெயிலில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அப்படியெல்லாம் இல்லை என்று அந்தக் கணமே நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ ஞாயிறு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், அது நிழலுக்கு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்திருக்கிறேன், அழகா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பொய் சொல்லக் கூடாது, இந்த முறையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு காலி வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.